யானகாவாவில் கல்யாணப் படகு

ரயில் நிலையத்திலிருந்து படித்துறைக்கு ஐந்தே நிமிடம் என்று மகள் சிஹோ எழுதியிருந்தாள். ஷிகெமாட்சு அரைமணி நேரமாக நடக்கிறார். யானகாவாவில் எங்கே திரும்பினாலும் கால்வாய். ஒரே பாலத்தை மூன்றாம் முறை தாண்டுகிறோமோ என்று வேறு சந்தேகம். வெள்ளை டை கழுத்தை இறுக்கியது. பதினொரு மணிக்கு மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு கல்யாணப் படகு கிளம்பிவிடும். மனைவி கினுயேவையும் ஏழு வயதுப் பிள்ளையையும் விட்டுப் போன மனுஷனை, இருபத்திரண்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளையே தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். இதையும் கோட்டைவிட்டால் அவர் என்ன அப்பன்?

விலாங்கு மீன் கடைக்காரியிடம் கேட்டார்.

"கல்யாணப் படகு எங்கேம்மா கிளம்புது?"

"அந்தச் சந்துல இறங்குங்க ஐயா. ஓடுங்க, பொண்ணு ஏறிட்டா!"

ஓடினார். ஷூவைக் கழற்றி ஏறுவதற்குள் படகுக்காரன் மூங்கிலை ஊன்றிவிட்டான். முன்னால் மணப்பெண். வெள்ளை முக்காடு, முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு. ஏழு வயது முகத்தை அதற்குள் எங்கே தேடுவது? பெண் வணங்கினாள். இவரும் வணங்கினார். பக்கத்தில் கருப்புக் கிமோனோவில் பெண்ணின் அம்மா. கினுயே இவ்வளவு மாறிவிட்டாளா? குழப்பமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தச் சமயத்தை விட்டால் இன்னொன்று வராது.

"இத்தனை வருஷமா எதுவுமே செய்யல. என்னை மன்னிச்சிடுங்க," என்று நெற்றி பலகையில் படக் குனிந்தார்.

அந்த அம்மாள் அதைவிடத் தாழக் குனிந்தாள். "ஐயையோ, குறையெல்லாம் எங்க பக்கம்தாங்க. நீங்கதான் பொறுத்துக்கணும்."

கினுயேவா இப்படிப் பேசுகிறாள்? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்து, பெண்ணின் பெரியப்பா போல, பாசக்காரர் என்று தலையசைத்தார்கள். பெண் வீட்டாருக்கு அவர் மாப்பிள்ளையின் மாமா. நீங்கள் யார் என்று கேட்டு ஒரு விருந்தாளியைச் சங்கடப்படுத்த அங்கே ஒருவருக்கும் மனம் வராது.

கால்வாய்கள் கூடும் இடத்தில் இன்னொரு படகு வந்தது. அதிலும் ஒரு வெள்ளை முக்காடு.

"அப்பா! அப்பா, அங்க என்ன பண்றீங்க?"

ஷிகெமாட்சு இந்தப் பெண்ணைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். முகூர்த்த நாளில் ஒரு ஊருக்கு ஒரு கல்யாணம்தானா? அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

படகுக்காரர்கள் சிரித்துக்கொண்டே இரண்டையும் ஒட்டி நிறுத்தினார்கள். ஷூவைக்கூட எடுக்காமல், சாக்ஸ் காலோடு மகளின் படகுக்குத் தாவினார்.

"உன் முகம் தெரியலம்மா," என்றார்.

"எனக்கு உங்களைத் தெரிஞ்சுதேப்பா," என்றாள் சிஹோ. கோபமில்லை. அதுதான் அவரை அறுத்தது.

அவளுக்குப் பின்னால் நிஜக் கினுயே. இவர் வாயைத் திறந்தார். மன்னிப்பையெல்லாம் யாரோ ஓர் அம்மாளிடம் கொட்டித் தீர்த்தாயிற்று. கினுயே அவரையே பார்த்தாள். பிறகு உட்காரும் மெத்தையை நகர்த்தி இடம் விட்டாள்.

"உட்காருங்க. பாலம் வருது, தலையைக் குனிங்க."

குனிந்தார். பாலம் போன பிறகும் நிமிரவில்லை.