கப்பலுக்கும் கரைக்கும் நடுவே

ஐந்தரைக்கு எழுந்தேன். தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு ஆளுக்குக் காப்பி போட்டேன். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு சைக்கிளில் பீச் ரோடு ஆபீசுக்குப் போனேன். என் மனைவி வடிவு இறந்து ஒன்றரை வருடமாக இப்படித்தான்.

எங்கள் கம்பெனிக்குத் தோணிகள்தான் சொத்து. கரையோரம் ஆழம் போதாததால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். அறுபது குடும்பங்கள் இதில் சாப்பிட்டன.

வடிவு இருந்தபோது, முதலாளி பொன்னுதுரை அண்ணாச்சி மெட்ராசில் நடந்த நிர்வாகக் கருத்தரங்குக்குப் போய், ஒரு தோல்பையும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். எந்த நிறுவனத்துக்கும் அதன் தொலைநோக்கு ஒரே வரியில் இருக்க வேண்டும். வரி அமைந்துவிட்டால் முடிவுகள் தாமாக வரும்.

“ஏலே, நீதான் பி.ஏ. படிச்சவன். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொண்டா.”

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பாங்க் கடன் தரத் தயாராக இருந்தது. தோணி வாங்குவதா, லாரி வாங்குவதா என்று அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை. புதுத் துறைமுகம் கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. அங்கே கப்பல் கரையை ஒட்டியே நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். இருந்தாலும் வரி வரட்டும் என்று காத்திருந்தார்.

அந்த வாரம் வடிவு மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு எழுதினேன். பதினாலு வரிகளை அடித்த பிறகு ஒன்று தேறியது: ‘கப்பலுக்கும் கரைக்கும் நடுவே என்றும் நாம்.’ வியாழக்கிழமை மதியம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் இறந்துபோனாள். துட்டி கேட்க வந்த அண்ணாச்சி, போகும்போது வரியை வாங்கிக்கொண்டு போனார்.

எட்டடிப் பலகை. நீல எழுத்து. மாலை போட்டு, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். மூத்த தண்டல் ஞானதீபம் இருபது வருடமாகத் தோணி ஓட்டுகிறவர். பலகையைப் படித்துவிட்டு, “எழுத்து அம்சமா இருக்கு. லாரி எப்ப வருது அண்ணாச்சி?” என்றார்.

“லாரி இதுல எங்கவே இருக்கு? நாம நடுவுல நிக்க ஆளு.”

இரண்டு புதுத் தோணிகளுக்குச் சொல்லியாகிவிட்டது.

பக்கத்துச் சந்தில் ஜெபசீலன் கம்பெனி. அங்கே பலகை கிடையாது. கேட்டால், “சரக்கு போய்ச் சேரணும், அம்புட்டுதான்” என்பார். அவர் தம்முடைய ஆறு தோணிகளையும் விற்று லாரி வாங்கினார். நாங்கள் சிரித்தோம்.

இன்று காலை வந்த கப்பல் பட்டியலிலும் எங்களுக்கு ஒன்றுமில்லை. இது மூன்றாவது வாரம். எல்லாக் கப்பலும் புதுத் துறைமுகத்தில். ஞானதீபம் வந்து அண்ணாச்சியின் மேசைமுன் நின்றார்.

“பாதிப் பேரு ஜெபசீலன்கிட்ட லோடு ஏத்தப் போயிட்டானுவ. மிச்சப் பேருக்கு ஒரு வழி சொல்லுங்க. நடுவுல நிப்போம்னீய. பதிமூணு தோணியும் கரையிலல்லா கெடக்கு!”

அண்ணாச்சி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ எழுதும்போது ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையாலே?”

“இல்லை அண்ணாச்சி” என்றேன்.

வடிவு கடைசியாகச் சொன்னது ‘முருகா’ என்று என் மாமியார் எல்லோரிடமும் சொல்லிவருகிறார். நான் மறுத்ததில்லை. வியாழக்கிழமை நான் வரியை வாசித்து முடித்ததும், கண்ணைத் திறக்காமலே அவள் ஒரு கேள்வி கேட்டாள். தூங்கு என்றேன். அதன்பிறகு அவள் பேசவில்லை. கேட்டது இதுதான்:

“கப்பலு கரைக்கே வந்துட்டா, தோணிக்காரவுக எங்க போவாக?”