நார்மல் அளவு

புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கணவர் கண்ணாடி முன்னால் நின்றபோது, தையல்காரிக்கு முதல் சந்தேகம் தன் கத்திரிக்கோல் மேல்தான் வந்தது. தோள் தையல் புஜத்தில் இறங்கிக் கிடந்தது. காலருக்குள் இன்னொரு கழுத்தும் நுழையும். இருபது வருஷமாக ஊருக்கே தைக்கிறவள், சொந்தப் புருஷனுக்கு வெட்டும்போது கோட்டை விட்டுவிட்டாளா?

"எப்படிங்க இருக்கு?"

"நார்மலா இருக்கு" என்றார்.

கடையில் அந்த வார்த்தையை அவள் நம்புவதே இல்லை. "நார்மலா தைங்க" என்று துணியை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவருக்கு அது உடம்போடு ஒட்ட வேண்டும். இன்னொருவருக்குக் காற்று புகுந்து வெளியே வர வேண்டும். டீச்சரம்மாவுக்குக் கை முழங்கைக்குக் கீழே, அவர் மகளுக்கு முழங்கைக்கு மேலே. இரண்டு பேர் வாயிலும் அதே நார்மல். அதனால் யார் சொன்னாலும், "அளவுச் சட்டை ஒண்ணு குடுத்துட்டுப் போங்க" என்று கையை நீட்டிவிடுவாள்.

வீட்டில்தான் நீட்டியதில்லை. சாப்பாடு எப்படி? நார்மல். குடோனில் வேலை? நார்மல். மேனேஜர் கத்தினாரா? நார்மலாகக் கத்தினார். போன வாரம் காய்ச்சலுக்காக ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தும் அதே பதில்தான். அவளும் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

சட்டையைக் கழற்றி வாங்கி மேசையில் விரித்து, போன வருஷத்துச் சட்டையை அதன்மேல் போட்டாள். தோளுக்குத் தோள், மார்புக்கு மார்பு, நூல் பிசகவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவர் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டைகள். துளை போடும் ஊசியைக் காணோம் என்று போன மாதம் வீடு முழுக்கத் தேடியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ரிப்போர்ட் எங்கங்க?"

"குடோன்ல இருக்கு. எல்லாம் நார்மல்னு சொன்னேன்ல?"

"அத அங்க எதுக்கு வெச்சீங்க? மூட்டைக்கா காய்ச்சல்?"

ஜன்னலோரம் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த நாத்தனார், ஒன்றுமில்லாததற்கே விழுந்து விழுந்து சிரிக்கிறவள், இதற்குச் சிரிக்கவில்லை. அண்ணனுக்குத் துணையாகப் பரிசோதனைக்குப் போனவள் அவள்தான்.

"நீ பாத்தியாடி அந்தப் பேப்பர?"

"எனக்கு எங்க அண்ணி இங்கிலீஷ் தெரியும்?" என்றாள், தலை நிமிராமல். பட்டன் அட்டையில் இருக்கிற இங்கிலீஷையெல்லாம் தினமும் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுகிறவள்.

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுக் குடு, சரியாயிடும்" என்றார் அவர்.

"சட்டையப் பிடிச்சா சரியாயிடுமா? இங்க வாங்க. கையத் தூக்குங்க."

"எதுக்கு? அதான் நோட்டுல அளவு இருக்கே."

"தூக்குங்கன்னா."

நோட்டில் அவருடைய பக்கத்தில் மார்பு முப்பத்தெட்டு என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. டேப்பை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தாள். வழக்கமாகத் தளர்வுக்காக உள்ளே விடும் இரண்டு விரலை இன்று விடவில்லை. டேப் நெஞ்சில் படிந்ததும் அவர் மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்துப் பையன் உயரம் அளக்க நிற்பதுபோல் விறைத்துக்கொண்டார். முப்பத்தேழைத் தாண்டிக் கொஞ்சம் போயிற்று.

"மூச்ச விடுங்க."

அவர் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் ஊசி நின்றுவிட்டிருந்தது. அவளும் அவசரப்படவில்லை. டேப்பை அந்த அளவிலேயே பிடித்தபடி நின்றாள். அவள் விரலுக்கடியில் அது மெல்லத் தளர ஆரம்பித்தது.