குழம்புச் சட்டியிலிருந்து குதித்த பவளாக்கா

உயிரோடு இருக்கும் நண்டு சிவப்பாக இருக்காது. வெந்தால்தான் சிவக்கும். கடலூர் துறைமுகத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா? முதுநகர் மார்க்கெட்டில் முப்பது வருஷமாக நண்டு விற்கிற ஆரோக்கிய ராணியின் ஒரே மகள் ஜெனிட்டா நான். சளி பிடித்தால் நண்டு ரசம், பரீட்சையில் பாஸானால் நண்டு வறுவல் என்று வளர்ந்த உடம்பு இது. அப்படிப்பட்ட நான், சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, நண்டு என்றால் பளிச்சென்று சிவப்பாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று சேனல்காரர் சபாபதி சார் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு என் வாயை யார் தைத்து வைத்திருந்தார்களோ தெரியவில்லை.

அப்படித்தான் பவளாக்கா பிறந்தாள். எங்கள் கார்ட்டூன் தொடரின் நாயகி. கழிமுகத்துச் சேற்றில் பொந்து வைத்திருக்கும் வாயாடி நண்டு. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, நானும் கார்த்திகேசனும் இன்னும் நாலு பேருமாக அவளை வரைந்தோம். கதை என்னுடையது, அசைவு கார்த்திகேசனுடையது. அவன் கம்மாபுரத்துக்காரன், கரும்பும் நெல்லும் தெரியும், கடல் தெரியாது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்தவள் நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதல் சீசன் பதின்மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓடியது. வெளியூரில் யாரும் சிரிக்கவில்லை. கடலூரில் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் நான் எழுதிய நகைச்சுவைக்கு இல்லை. அம்மாவுக்குப் பக்கத்துக் கடையில் இறால் விற்கும் தில்லையம்மாள் அத்தைதான் முதலில் ஆரம்பித்தது. உன் பெண் வேகவைத்த நண்டை நடக்க விட்டிருக்கிறாளாமே என்று கேட்டது. பிறகு மீன் வெட்டுகிறவர்கள், ஐஸ் கொண்டுவருகிறவர்கள், நண்டு வாங்க வருகிறவர்கள் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மகளுக்கே நண்டு தெரியவில்லை, அம்மாவை நம்பி எப்படி வாங்குவது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். நண்டைப் புரட்டி, வயிற்றை ஒரு விரலால் அழுத்தி, இது சதை, இது உள்ளே வெறும் தண்ணி என்று அம்மா சொன்னால் அந்த மார்க்கெட்டில் மறுபேச்சு கிடையாது. தகராறு வந்தால் மற்ற கடைக்காரர்கள்கூட ராணியிடம் காட்டு என்பார்கள். அந்தப் பேரை நான் பதின்மூன்றே வாரத்தில் காலி செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்தரை ஆனால் அம்மா டிவியை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போக ஆரம்பித்தது.

இந்த நிலைமையில்தான் சேனலிலிருந்து ஃபோன் வந்தது. இரண்டாவது சீசனுக்கு முதல் பாகம் மட்டும் செய்து தாருங்கள், மக்கள் பார்த்தால் மிச்சம், இல்லையென்றால் இத்தோடு சரி என்றார் சபாபதி சார். அந்தச் சனிக்கிழமை நான் கடலூருக்குப் போனேன். அம்மா அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மறுபடியும் அதே செவப்பு நண்டுதானா?"

சேனல்காரர்கள் நிறத்தை மாற்ற விடமாட்டார்கள், ஸ்கூல் பை வரைக்கும் அச்சடித்துவிட்டார்கள் என்றேன். செவப்பு நண்டு உலகத்திலேயே இல்லாமலா போய்விட்டது என்று ஒரு வீம்புக்குக் கேட்டும் வைத்தேன். அதற்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இருக்குது. சிலுவ நண்டு செவந்துதான் இருக்கும், அது முதுவுல சிலுவ இருக்கும். ஒன் பொம்ம முதுவுல சிலுவ எங்கடீ? சேனல்காரன் சொன்னா பெத்தவ பேரையும் மாத்தி வைப்பியா? இல்ல, கொழம்புச் சட்டியிலேர்ந்து எழுந்து ஓடியாந்துச்சா அது? சொல்லு."

எனக்கும் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம்தான், இருந்தாலும் வந்தது. சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். புதுச்சத்திரம் வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழம்புச் சட்டியிலிருந்து எழுந்து ஓடி வந்த நண்டு. ஆமாம், அதனால்தான் சிவப்பு. பாதி வெந்தவள். அவள் திரும்பக் கழிமுகத்துக்குப் போனால் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டு இறால்கள் அவளுக்குக் காரியம் செய்து சாப்பாடும் போட்டு முடித்திருக்கும். பொந்தில் வேறு யாரோ குடியேறியிருப்பார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று சான்றிதழ் வாங்கி வா என்று கணவாய் ஆபீசர் பத்துக் கையாலும் துரத்துவார். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கார்த்திகேசனுக்கு ஃபோன் போட்டேன்.

மறுநாளே சபாபதி சாரிடம் பேசினேன். நிறத்தில் கை வைக்கவே மாட்டோம், ஆனால் நிறத்துக்கு இதுதான் காரணம் என்று கதையைச் சொன்னேன். கொதிக்கிற சட்டி என்றால் குழந்தைகள் பயப்படாதா என்று கேட்டார். எங்கள் ஊரில் அஞ்சு வயசுப் பிள்ளை நண்டுக் காலைக் கடித்துத் துப்புகிறது, யாரும் பயப்படமாட்டார்கள் என்றேன். கூடவே, இந்த முறை பவளாக்காவின் குரல் எங்கள் ஊர்க் குரலாக இருக்கும் என்றும் சொன்னேன். தலையாட்டுகிற ஜெனிட்டா பஸ்ஸிலேயே இறங்கிவிட்டிருந்தாள். சரி, செய்யுங்கள், பார்க்கலாம் என்றார்.

குரலுக்கு எங்கே போவது? முதல் சீசனில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து தேன் தடவியது மாதிரி பேசிவிட்டுப் போயிருந்தாள். யுனிவர்சிட்டி நாடகக் குழுவில் ஏழு பேரைப் பேசச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் கார்த்திகேசன் சொன்னான், உன் அம்மா உன்னை ஃபோனில் திட்டுவது ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்கிறது, அவர்கள்தான் பவளாக்கா என்று.

அம்மா நாலு நாள் மசியவில்லை. ஐந்தாம் நாள் நேரில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். "தப்பு என்னுதுதாம்மா. தெரிஞ்சேதான் தலையாட்டிட்டு வந்தேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தது, ரொம்ப நேரம்.

"வரேன்," என்றது. "ஆனா இன்னொரு தபா சிரிச்சாங்கன்னா நான் கூடையத் தூக்கிக்கினு அந்த மார்க்கெட்டுப் பக்கம் போவ முடியாது. முப்பது வருஷத்த ஒங்கையில குடுக்கறேன். தெரியுதா?"

தெரிந்தது.

எங்கள் ஒலிப்பதிவு அறை என்பது சுவரெல்லாம் பழைய மெத்தை கட்டிய ஒரு படுக்கையறை. கீழே ஜெராக்ஸ் கடையில் ஆராய்ச்சிப் புத்தகங்களுக்கு பைண்டிங் போடுவார்கள். அந்த மிஷின் சத்தம் வராத நேரம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அம்மா வெள்ளைச் சேலை கட்டி, எங்கள் மதியச் சாப்பாட்டுக்கென்று ஒரு கூடை நண்டோடு வந்தது. நான் வசனத் தாளைக் கையில் கொடுத்தேன்.

அங்கேதான் பிசகினேன். அம்மா எங்கள் பங்குக் கோவிலில் பத்து வருஷமாக பைபிள் வாசகம் வாசிக்கிறது. கையில் தாளைக் கொடுத்தால் முதுகு நிமிர்ந்துவிடும், குரல் இறங்கிவிடும், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வரும். "அடேய், என் பொந்தில் நுழைந்தவன் எவன்," என்பதை அம்மா தீர்க்கதரிசி மாதிரி வாசித்தது. நாங்கள் மூச்சுவிடாமல் கேட்டோம். பக்கம் முடிந்தது. அம்மா ஒரு நொடி நிறுத்தி, கோவிலில் வாசகத்தை முடிக்கிற பழக்க தோஷத்தில், "ஆண்டவரின் அருள்வாக்கு," என்றது. ரெக்கார்டிங் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் சவுண்டுக்கார ஆண்ட்ரூ, அவனும் கோவிலில் வளர்ந்த பிள்ளை, தன்னை அறியாமல் சபையின் பதிலாக "இறைவா உமக்கு நன்றி," என்றான்.

அறையே சிரித்து உருண்டது. அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. இங்கேயும் சிரிக்கத்தான் கூப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடியது. அப்போது கார்த்திகேசன் கூடையிலிருந்து ஒரு நண்டை எடுத்து, வாழ்நாளில் நண்டு வாங்கியிராத அந்தக் கம்மாபுரத்துக் கையால் தூக்கிப் பார்த்து, இது செத்துப்போன மாதிரி இருக்கிறதே, பாதி விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டான்.

அவ்வளவுதான். அம்மா செருப்பை விட்டது.

"யாரு நண்டப் பாத்துடா செத்துதுன்ற? அத எங்கடா புடிச்சிருக்க, கால்லயா புடிப்ப? வயித்தப் பாத்தியா, கண்ணப் பாத்தியா? சொல்ல வந்துட்டான். அது செத்தா எனக்குத் தெரியாதா?"

ஆண்ட்ரூவின் விரல் எப்போதோ பட்டனை அழுத்தியிருந்தது. நான் மெதுவாகச் சொன்னேன், அம்மா, இப்போது நீதான் அந்த நண்டு, நீ செத்துவிட்டாய் என்று இவன் சொல்கிறான் என்று. அம்மா என்னைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. இடுப்பில் கை வைத்தது.

"நான் செத்தா எனக்குத் தெரியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்ததால் சிரிக்க மறந்துவிட்டோம். கீழே பைண்டிங் மிஷின் டம்மென்று ஒரு குத்து குத்தியது.

அதற்குப் பிறகு தாளே கிடையாது. கார்த்திகேசன் எதிரில் நின்று இறாலாகவும் கணவாயாகவும் வம்புக்கிழுப்பான், அம்மா பதில் சொல்லும், அந்தப் பதிலுக்கு வாயசைப்பு வரைவோம். எட்டு வாரம் வரைந்தோம். பின்னணி தீட்டுகிற இலக்கியாவின் தோளுக்குப் பின்னால் அம்மா வந்து நின்றுகொள்ளும். நண்டு முன்னாலே நடக்காது என்று கார்த்திகேசன் வரைந்த ஒரு முழுக் காட்சியையே திரும்ப வரைய வைத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய திருத்தம் ஒன்று சொன்னது. மற்ற நண்டுகளை எல்லாம் உள்ளபடி நீலமும் பச்சையுமாகப் போடு, அப்போதுதான் இவள் ஒருத்தி வெந்தவள் என்று தெரியும் என்றது. பதின்மூன்று வாரம் கழிமுகம் முழுக்கச் சிவப்பு நண்டாக வரைந்து தள்ளியவர்கள் நாங்கள். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒளிபரப்பு நாள். கோவிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், கூப்பிடாமலே தில்லையம்மாள் அத்தை இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பார்க்க வந்ததா, நாளைக்குப் பேச விஷயம் பொறுக்க வந்ததா என்று எனக்குச் சந்தேகம். அம்மா டிவியைப் பார்க்கவே இல்லை. அவர்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி சுவரோரம் உட்கார்ந்துகொண்டது.

சட்டி கொதிக்கிறது. மூடி ஆடுகிறது. பவளாக்கா குதிக்கிறாள், தலையில் ஒரு கறிவேப்பிலையோடு. ஆற்றங்கரை வரை ஓடி, உடம்பை உதறிக்கொண்டு நிற்கிறாள். நீல நண்டு ஒன்று அவளைப் பார்த்து, நீதான் செத்துவிட்டாயே என்கிறது. அம்மாவின் குரல் டிவியிலிருந்து வந்தது. "நான் செத்தா எனக்குத் தெரியாதா?" தில்லையம்மாள் அத்தை, "அடிப்பாவி ராணி," என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அடுத்த இருபது நிமிஷம் அந்த வீட்டில் வசனமே ஒழுங்காகக் கேட்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முடிந்ததும், கறிவேப்பிலை தலையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னது.

சாயங்காலமே சபாபதி சார் கூப்பிட்டார். அந்த ஒரு வசனத்தை வெட்டி எடுத்து ஊர் உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம், மிச்சம் பன்னிரண்டையும் உடனே ஆரம்பியுங்கள் என்றார். அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் பையன்கள் அதைக் கத்திக்கொண்டு படியிறங்குவதை ஆண்ட்ரூ பதிவு செய்து அனுப்பினான். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அசையவில்லை.

"சேனல்காரன் சொன்னா ஆச்சா? நாளைக்கு மார்க்கெட்டு என்ன சொல்லுதுன்னு பாப்பம்."

திங்கட்கிழமை காலை நானும் கூடவே போனேன். அம்மா எப்போதும்போல நண்டைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பலகையில் உட்கார்ந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்து நின்றார். ஒரு நண்டை விரலால் தட்டிப் பார்த்து, இது செத்துப்போச்சு, குறைத்துக் கொடு என்றார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து, இறால் உரித்துக்கொண்டிருந்த தில்லையம்மாள் அத்தை தலையை நிமிர்த்தாமலே சொன்னது. "அது செத்தா அதுக்குத் தெரியாதா?"

ஒரு நொடிதான். பிறகு அந்த வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. மத்தி விற்கிறவர்கள், வஞ்சிரம் வெட்டுகிறவர்கள், ஐஸ் கொண்டுவந்தவர் வரைக்கும், அது செத்தா அதுக்குத் தெரியாதா என்று கூரை அதிரக் கேட்டார்கள். ஹெல்மெட்காரரும் சிரித்துவிட்டார். அம்மாவைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அழுகிறது என்று நினைத்துப் பதறிப்போனேன். இல்லை, சிரித்தது. கண்ணில் தண்ணீர் வர, பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சிரித்து முடித்து, அந்த நண்டை முதுகில் பிடித்துத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டியது. எட்டுக் காலும் காற்றில் உதைத்தன.

"பாத்துக்க. உசுரோட இருக்குது, செவக்கல. நம்பிக்கை இல்லன்னா இதோ நிக்கறா பாரு எம்பொண்ணு, அவளக் கேளு. நண்டப் பத்தி அவளுக்குத் தெரியாதது இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் நண்டை வாங்கினேன், புரட்டினேன், வயிற்றை ஒரு விரலால் அழுத்தினேன்.

"சதை," என்றேன். மார்க்கெட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.