பச்சையைத் தொட்ட விரல்

...விழுந்துவிட்டீர்களா என்று இதுதான் கேட்கிறது, மணிக்கட்டில் கட்டிய கடிகாரம், அதிர்ந்து அதிர்ந்து, மகள் இளமதி வாங்கி அனுப்பியது, விழுந்தால் தானே கண்டுபிடித்துக் கேட்கும், பச்சையைத் தொட்டால் நலம், எதையும் தொடாவிட்டால் கோயம்புத்தூரில் அவளுக்குப் போன் போய்விடும், திரையில் எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன, சமையலறை வாசலில் ஒருக்களித்துக் கிடக்கிறார் ஆத்மநாதன், ஈரத் தரை, கணுக்கால் வேறு யாருடையதோ போல மடங்கிக் கிடக்கிறது... தாயே, எத்தனை நாள் இது சும்மாவே கேட்டிருக்கிறது, பிரகதாம்பாள் படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழும்போதெல்லாம், முழங்கால் சொன்னபடி கேட்காது, உடம்பு பொத்தென்றுதான் தரையைத் தொடும், கும்பிடுகிறான் என்று அதற்கு எப்படித் தெரியும், பாவம், எழுந்து பச்சையைத் தொட்டுவிடுவார். ஒருநாள் மறந்துபோனார். அன்றைக்குத்தான் அந்தப் போன், அப்பா, பேசுங்கப்பா, அப்பா என்று, ஆபீசிலிருந்து வெளியே ஓடி வந்தவளின் மூச்சிரைப்பு, சாமிதாம்மா கும்பிட்டேன் என்றதும் அழுதுகொண்டே சிரித்தாள், என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா, அங்கிட்டு மழை உண்டா, எவ்வளவு நேரம் பேசினாள். மற்ற நாட்களில் மீட்டிங்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில காலைகளில் அவர் பச்சையைத் தொடாமலே கிடந்தார், கண்ணை மூடி, கைகூப்பி... கும்பிட்டாரா, யாரை?

ஆனால் போன வாரம் அவள் சொல்லிவிட்டாள், இனி நெசமாவே ஒரு தடவ விழுந்தாலும் அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்ப்பா, வீட்டப் பூட்டிருவோம் என்று, கோபமாக இல்லை, கெஞ்சுகிற குரலில். விரல் பச்சைக்குப் போகிறது, தொட்டாயிற்று. திரை அணைந்தது, சொன்னதை அப்படியே நம்பிவிட்டது. இப்போது வீட்டில் சத்தமே இல்லை, குளத்தூரில் இவ்வளவு அமைதி எப்போது வந்தது, இலுப்பூர் பஸ்ஸில் கண்டக்டராக நின்ற காலமெல்லாம் உள்ள போங்க, உள்ள போங்க என்று ஆட்களை நெட்டித் தள்ளியவர், ஒரு ஆள் இடித்தாலும் எரிந்து விழுந்தவர், இப்போது யாராவது வந்து இடித்தால் தேவலை... சுவரைப் பிடித்தார், எழ முடியவில்லை, அம்மா என்று முனகியது தானா.

கண்டக்டரய்யா, பால் எடுத்துக்கிட எவ்வளவு நேரம், உள்ள டிக்கெட்டா கிழிக்கிறீங்க, பால்காரி மூக்காயிதான். பதில் வராததால் கொல்லைப் பக்கம் சுற்றி வருகிறாள், செருப்புச் சத்தம், தூக்குவாளி இடிக்கும் சத்தம், இதோ கதவருகில் நிழல். என்னய்யா இது, விழுந்துட்டீங்களா, இல்ல சாமி கும்புடுறீங்களா என்கிறாள், கடிகாரத்தின் கதை தெருவுக்கே தெரியும். இவளிடம் தொடுவதற்குப் பச்சை இல்லையே, விழுந்துட்டேன் மூக்காயி என்று வந்துவிட்டது, எத்தனை நாளுக்குப் பிறகு சொன்ன உண்மை. அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள், வீங்குது, நான் ஒருத்தி தூக்குனா ரெண்டு பேருந்தான் விழுவோம், கருவாடு மாதிரி கெடக்க வேண்டியதுதான், செத்த இருங்க, ஆட்டோக்கார சார்லச வரச் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் என்று அவனுக்குப் போன் போட்டுவிட்டு, அவர் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துகொண்டாள், இன்னும் பல வீட்டுக்குப் பால் ஊற்ற வேண்டும் அவள், உட்கார்ந்துகொண்டு முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள், அம்பாள் இப்படித்தான் வருவாள் போல, பால் வாடையோடு.

மகளுக்குப் போனப் போடவா என்கிறாள். வேண்டாம் என்றுதான் வாய் வருகிறது... ஏன் வேண்டாம், இந்த வீட்டுக்காகவா, இந்தத் தனிமையை யாராவது கட்டிக்கொண்டு அழுவார்களா, கோயம்புத்தூரிலும் கொஞ்ச நாள் இருந்து பார்த்தாயிற்று, அடுத்த அறையில்தான் இளமதி, கம்ப்யூட்டர் முன்னால், காதில் மாட்டிக்கொண்டு, குறுக்கே போகும்போது சிரிப்பாள், நல்ல பிள்ளை, மேசையில் சோற்றை மூடி வைத்திருப்பாள், எப்படி இருக்கீங்க என்று மட்டும் கேட்டதில்லை, கண்ணெதிரில் இருக்கிறவரை என்னவென்று கேட்பது... மூக்காயி போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிறாள். அங்கே போய்விட்டால், அப்பா, பேசுங்கப்பா என்று தன்னை யார் கூப்பிடுவார்கள்?