ஸ்விட்ச் யார் கையில்

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். நடுவழியில் மாட்டித் தொங்கியவர்களில் ஒரு லட்சம் பேரையாவது பத்திரமாக இறக்கிவிட்டிருப்பேன். கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன். அப்பேர்ப்பட்ட எனக்கே அந்தக் கருவியைப் பார்த்ததும் வாய் பிளந்துவிட்டது. அரிசி மணியில் பாதிதான் இருக்கும். அதை என் மனைவியின் மண்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டார் டாக்டர். மூளை நரம்புகள் பேசிக்கொள்வதை அது ஒட்டுக்கேட்கும். கையை நடுங்கச் சொல்லி உத்தரவு கிளம்பினால், துளி மின்சாரம் விட்டு அதன் வாயை அடைக்கும்.

அவள் தையல்காரி. ஆறு வருடமாக அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் வீட்டுச் சுவரே விரிசல் விட்டது. கருவி வைத்த மறுவாரம் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தாள். அழுதது நான்.

கருவியை நிறுத்தவும் ஓட்டவும் தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட். நோயாளி கை தவறி அமுக்கிவிடக் கூடாது என்று டாக்டர் அதை என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

முதல் மாதப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரின் அறையில் விருந்தாளிகள் இரண்டு பேர். டாக்டர் அவள் கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கி அமுக்கினார். தண்ணீர் அறையெங்கும் தெறித்தது. மறுபடி அமுக்கினார், கை கல்லாக நின்றது. கைதட்டல். அடுத்த மாதம் பத்துப் பேர். மூன்றாம் மாதம் ஒரு அரங்கமே நிறைந்திருந்தது.

அன்று டாக்டர், “இப்ப இதை ஆஃப் பண்றேன், பாருங்க,” என்று அமுக்கினார். அவள் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நான் போட்ட சத்தத்தில் நாலு தெரு தள்ளித் தூங்கிய நாய்கள் எழுந்திருக்கும்.

“என் பொண்டாட்டி என்ன உங்க வீட்டு டியூப் லைட்டா?”

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். அதற்குள் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நடுங்கும் கையை நீட்டினாள். டாக்டர் ரிமோட்டை என்னிடம் கொடுக்க வந்தார்.

“அவர்கிட்ட இல்ல. எங்கிட்ட.”

இரண்டு தடவை விரல் வழுக்கி, மூன்றாவது தடவை அவளே அமுக்கினாள். நடுக்கம் நின்றது.

“இனிமே இதை அமுக்கணும்னா என்னைக் கேக்கணும். முடியாதுன்னா இப்பவே வெளிய எடுத்துடுங்க. நடுங்கிக்கிட்டே இருந்துட்டுப் போறேன்.”

ரிமோட் அவள் கைப்பைக்குள் போனது.

வழியெல்லாம் நான் போட்ட சத்தத்தைப் பற்றி நானே சிலாகித்துக்கொண்டு வந்தேன். தெருமுனையில் அவள் நின்றாள்.

“அவர் மூணு தடவை. நீங்க எத்தனை தடவை?”

ஞாயிறு தவறாமல் பக்கத்து வீடு, மாடி வீடு என்று ஆள் திரட்டி, அதே டம்ளர் வித்தையை எங்கள் கூடத்தில் நடத்தியவன் நான். பெருமையாக இருந்தது என்றேன்.

“எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.”

அந்த ஞாயிறும் மாடி வீட்டுக் குமாஸ்தா மனைவியோடும் மச்சானோடும் வந்து நின்றார். ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவளோ நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க. இன்னைக்கு இவர் காட்டுவாரு.” என் பக்கம் திரும்பினாள். “பல்செட்டைக் கழட்டுங்க.”

சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கழற்றினேன். யாரும் கைதட்டவில்லை, குமாஸ்தா தரையைப் பார்த்தார். அவசரமாகத் திரும்ப மாட்டப் போனேன்.

“நான் இன்னும் மாட்டச் சொல்லல,” என்றாள்.