தட்டினால் விட வேண்டும்

சுரங்க ஊரான சியத்தூராவின் ஜூடோ கூடத்தில் அன்று பெற்றோர் நாள். அப்பா அம்மாக்களும் காலணியைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறிப் பிள்ளைகளோடு மோதிப் பார்க்கலாம். சுரங்க லாரி ஓட்டும் கோச்சாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? திருவிழா மல்யுத்தங்களில் யாரிடமும் விட்டுக்கொடுத்ததே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற ஆள்.

மகன் வாஜாவுக்குப் பத்து வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு சுரங்கத் தூசியில் இழுத்து இழுத்து மூச்சு விட்ட பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒருவனோடும் சேரமாட்டான். இந்தக் கூடத்தில் சேர்ந்த பிறகு வாரம் மூன்று நாள் பயிற்சி. இப்போது நெஞ்சு விரிந்திருக்கிறது, தட்டில் ரொட்டி மிஞ்சுவதில்லை, விளையாடக் கூப்பிட வாசலில் நாலு பேர் வந்து நிற்கிறார்கள். கோச்சாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டது. மகனை மல்லாக்கத் தள்ளி, நூறு கிலோ உடம்பால் அமுக்கினார். வாஜா திமிறிப் பார்த்தான். பிறகு அப்பாவின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான். போதும், விடு என்று அர்த்தம்.

"என்னடா அப்பனே, அதுக்குள்ளயா? என் புள்ள தட்டலாமா? எந்திரி பாப்போம்!"

வாஜா மறுபடியும் தட்டினான். கூடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவனோடு பயிலும் கேத்தோ ஓடிவந்து கோச்சாவின் தோளை உலுக்கினாள். "மாமா, அவன் தட்டிட்டான்! உறைக்கலயா? எந்திரிங்க!"

எழுந்தார். வாஜா ஒருக்களித்துப் படுத்து, பழையபடி மூச்சை இழுத்தான். பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து முதுகைத் தடவினார்கள். கோச்சாவுக்கு யாரும் வழிவிடவில்லை.

"சும்மா விளையாட்டுக்குத்தான், டீச்சர்..."

"இங்க ஆறு வயசுக் குழந்தைகூடத் தட்டினா விட்டுடும்" என்றார் பயிற்சியாளர் மாக்வாலா. "அந்த நம்பிக்கையிலதான் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கழுத்தக் குடுக்குதுங்க. இனிமே உங்களோட மோதலாமா வேணாமான்னு அவனே சொல்லட்டும்."

வாஜா அப்பாவைப் பார்க்கவே இல்லை. "மாட்டேன். பயமா இருக்கு" என்றான்.

மீசையும் வீறாப்புமாக வந்த கோச்சா அத்தனை பேர் முன்னால் மல்லாந்து படுத்தார். "இப்ப நீ என்னைப் பிடிடா, அப்பனே."

நீண்ட நேரம் கழித்துத்தான் வாஜா வந்தான். நெஞ்சின் குறுக்கே விழுந்து கழுத்தையும் கையையும் சேர்த்து இறுக்கினான். முப்பத்திரண்டு கிலோதானே, உதறினால் பறந்துவிடுவான் என்று நினைத்தவரால் தோளைக்கூட அசைக்க முடியவில்லை. பாரத்தை எங்கே இறக்குவது என்று அந்தச் சின்ன உடம்புக்குத் தெரிந்திருந்தது. மகனின் கண்ணில் கோபம் இருந்தது. அமுக்கட்டும், தான் செய்ததைத் தானும் அனுபவிப்பதுதான் நியாயம் என்று நினைத்தபடி, வாழ்நாளில் முதல் முறையாகக் கோச்சா தட்டினார்.

இரண்டாவது தட்டு விழுவதற்குள் வாஜா விட்டுவிட்டான்.

"வலிச்சுதாப்பா?" என்று குனிந்து கேட்டான்.

அவன் இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தால் கோச்சா தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.