பிழை: பூஜ்யம்

பத்தாவது நாளும் உருப்படியாக ஒரு பதில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்குகளைக் கணினியோடு இணைக்கும் ஓர் அட்டை. அதை லினக்ஸில் இயங்க வைக்கும் டிரைவர் என்ற நிரலைப் பதினோரு வருடமாகக் கட்டிக் காப்பவன் நான். சம்பளம் கிடையாது, வறட்டுப் பெருமைதான். என்னிடம் இருந்த ஒரே அட்டையும் போன குளிர்காலத்தில் புகைந்துபோனது. யாராவது நிஜ அட்டையில் சோதித்துப் பெயர் கொடுக்காவிட்டால் அடுத்த பதிப்பில் தூக்கிவிடுவோம் என்று மேலே இருப்பவர்கள் எழுதிவிட்டார்கள். சோதித்தவரின் பெயர் ஒரு வரியாக அந்த நிரலோடு காலத்துக்கும் நிற்கும். எங்கள் கூட்டத்தில் அதுதான் கூலி. உலகம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் மட்டும், "மியூசியத்துல கேளு" என்று எழுதினான். அவன் வாயில் புழுதி விழ!

கடைசியில் எங்கள் பிஷ்கெக் நகரத்தில் ரிப்பேர் கடைகள்தோறும் அட்டையின் படத்தை, விஷயத்தையும் என் போன் எண்ணையும் எழுதி ஒட்டினேன். அதைப் பார்த்த ஒரு மெக்கானிக் சொல்லி, பாலிக்சி ஊரிலிருந்து சைக்கால் அக்கா போன் செய்தார். ரயில்வே கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, அந்த அட்டை எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியிலதான் இருக்கு. அதை நிறுத்தப் போறாங்களாமே? நிறுத்தக் கூடாது. எங்க வீட்டுக்காரர் தொலோகோன், ஊர்க் கல்யாண விருந்தெல்லாம் நடத்திக் குடுத்த மனுஷன். எழுந்து நின்னு பேசினா பந்தியே சிரிக்கும். என்னைக் கிண்டல் பண்ணாம ஒரு விருந்தையும் முடிச்சதில்ல, படுபாவி. அவர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் காலையில அந்தப் பெட்டியில பதிஞ்சிருக்கிற அவர் பேச்சைப் போட்டுட்டுத்தான் டீ ஊத்துவேன்."

இதையெல்லாம் என்னிடம் சொன்னார். சத்தியமாகச் சொன்னார். ஆள் கிடைத்த சந்தோஷத்தில், எனக்கு அட்டை என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் காதில் ஏறவில்லை. எங்கள் ஆட்களுக்கு எப்போதும் அனுப்பும் குறிப்புத்தாளையும் சோதனை நிரல் ஏற்றிய ஒரு பென்டிரைவையும் மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை போனிலேயே வேலையைத் தொடங்கினோம். ஒவ்வோர் எழுத்தாக நான் சொல்ல, அவர் தேடித் தேடி அடித்தார்.

"எந்த டிஸ்குன்னு கேக்குது தம்பி."

"எத்தனை காட்டுது?"

"ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணுன்னே அடிங்கக்கா."

"சரியா வந்தா அவர் பேரைப் போடுவியா?"

"சோதிச்சவங்க பேரைத்தான் போடணும்க்கா. உங்க பேருதான்."

"ஐயோ, என் பேரா!" என்று சின்னப் பெண்போலச் சிரித்தார்.

ஆறு மணி நேரம். வெளியே உலான் என்ற அந்த ஊர்ப் புயல்காற்று ஜன்னலைப் பிய்த்ததாம். மின்சாரம் போய்விடுமோ என்று பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். சாயங்காலம் போன் வந்தது.

"முடிஞ்சுது தம்பி! பிழை பூஜ்யம்னு போட்டிருக்கு. பூஜ்யம்னா நல்லதுதானே?"

"ரொம்ப நல்லதுக்கா. பிழைச்சோம்!" நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"சரி, அவர் பேச்சு எங்க போச்சு? டிஸ்கு காலின்னு வருதே."

அந்தச் சோதனை, டிஸ்க் முழுக்கக் கண்டதையும் எழுதி, எழுதியது சரியா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். முன்பு இருந்தது எதுவும் மிஞ்சாது. எங்களில் யாரும் காலி டிஸ்கைத் தவிர வேறெதையும் மாட்டமாட்டோம். அதனால் அந்தத் தாளில் அப்படி ஒரு எச்சரிக்கையே கிடையாது. எழுதியவன் நான்தான். முதலில் ஒரு நகல் எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாவி, ஒரு வார்த்தை.

உள்ளதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"வேற எங்கயாவது வச்சிருக்கீங்களாக்கா?"

"இல்ல."

"மன்னிச்சிருங்கக்கா."

அப்புறம், காலையில் கேட்ட அதே நம்பிக்கையான குரலில் கேட்டார்: "இப்ப இதை அணைச்சிரட்டுமா தம்பி, இல்ல ஓடட்டுமா?"

போனுக்குள் அந்த டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.